ஜூலையில மூணாறு, டிசம்பர்ல ஊட்டி: மழையில மலையேறப் போறவங்க கேட்ட கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல உக்காந்துகிட்டு வருஷத்துக்கு மூணு நாலு தடவ சின்ன சின்ன குரூப்பா ஆளுங்கள இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போற ஆளு நான். மே மாசம் வந்துட்டா போதும், ஹேண்ட்போன் அடிச்சிகிட்டே இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி கேள்விதான், "அண்ணே மழையா இருக்குமா". இருக்கும்லா, மழைக்காலத்துல மழ இல்லாம வேற என்ன இருக்கும்? சரி, சிலத எடுத்து இங்க பதில் சொல்றேன்.

செந்தூல்லேருந்து ஒரு தங்கச்சி: ஜூலை ரெண்டாவது வாரம் ஆறு பேர் போறோம், அம்மாவுக்கு 68 வயசு. கோலாலம்பூர்-கொச்சி டிக்கெட் எடுத்தாச்சு. அஞ்சு நாள்ல மூணாறு, ஊட்டி, கொடைக்கானல் மூணும் பாத்துட்டு வந்துரலாமா?

முடியாதும்மா. பாக்கலாம், ஆனா காடி கண்ணாடி வழியாத்தான் பாப்பீங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும், அங்க மழைக்காலம் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஜூன் 1 வாக்குல கேரளாவுல ஆரம்பிக்கிறது தென்மேற்குப் பருவமழை, அது செப்டம்பர் வரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையோட மேற்குப் பக்கத்த நனைக்கும், மூணாறு, வயநாடு, வால்பாறை, கூடலூர் எல்லாம் அந்தக் கணக்கு. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு, அப்ப அடி வாங்குறது கிழக்குப் பக்கம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல். நம்ம ஊர்லயும் இதே கததானே, வருஷக் கடைசியில கிளந்தான், திரங்கானு வெள்ளத்துல கிடக்கும், இங்க கிள்ளான்ல துணி காயும். அதனால "இந்தியாவுல மழையா"ன்னு கேக்காதீங்க, எந்த மலை, எந்தப் பக்கம், எந்த மாசம்னு கேளுங்க. நீலகிரிய ஒரே ஊருன்னு நெனச்சிடுவாங்க நம்மாளுங்க, ஆனா 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அதே மாவட்டத்துல கிழக்க இருக்குற கோத்தகிரிக்கு ஆகஸ்ட் பெரிய மழை மாசமே இல்ல.

இப்ப உங்க பயணம். ஊட்டிய வெட்டிருங்க. கொச்சியிலேருந்து மூணாறு ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான், நம்ம ஹைவே கணக்குல ஒன்றரை மணி நேரம்னு நெனச்சிராதீங்க, மழை இல்லாதப்பவே நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். மூணாறுல ரெண்டு ராத்திரி தங்குங்க. மூணாவது நாளு மறையூர் பக்கம் எறங்குங்க, வெறும் 40 கிலோமீட்டர், ஆனா அது மழை மறைவுப் பகுதி, மூணாறுல குடை கிழிஞ்சிகிட்டு இருக்குறப்ப அங்க வெயில் அடிக்கும், ஈரத் துணியெல்லாம் காயவெச்சிக்கலாம், சந்தனக் காடு பாக்கலாம், அந்த ஊரு வெல்லமும் பேர் போனது. அப்படியே சின்னார் காட்டு வழியா உடுமலைப்பேட்டை, அங்கிருந்து பழனி. அம்மாவுக்கு முருகனப் பாத்த திருப்தி, உங்களுக்குப் பழனியிலேருந்து கொடைக்கானல் ஏற அந்தப் பக்கமே ரோடு இருக்கு. ஜூலையில கொடையில மூணாறு அளவுக்கு அடிக்காது, சாரலும் பனிமூட்டமுமா இருக்கும். திரும்புறதும் கொச்சியிலேன்னா கடைசி ராத்திரி கட்டாயம் கொச்சியில தங்கணும், மலையிலேருந்து நேரா ஏர்போர்ட்டுக்குன்னு கணக்குப் போடாதீங்க. ஒரு தடவ நான் அப்படித்தான் போட்டேன், மலை ரோட்டுல ஒரு மரம் விழுந்து ஏழு மணி நேரம் நின்னோம், பன்னெண்டு பேருக்கு டிக்கெட் போச்சு. அடுத்த தடவ வந்தா கொச்சியில எறங்கி திருச்சியில ஏறுற மாதிரி எடுங்க.

கிள்ளான்லேருந்து ஒரு அக்கா: வயநாட்டுல மண்ணு சரிஞ்ச செய்தி பாத்ததிலேருந்து வீட்டுக்காரரு மலைன்னாலே வேணாங்கிறாரு. நெசமாவே அவ்ளோ ஆபத்தா?

அவரு பயப்படுறது தப்பில்லக்கா. 2024 ஜூலை 30 விடிகாலையில முண்டக்கை, சூரல்மலை ரெண்டும் தூக்கத்துலயே போச்சு. அதுக்கு முந்தி 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடி, தேயிலைத் தோட்டத்து ஆளுங்க வரிசை வீடு, அந்த லயத்துல இருந்த எழுபது பேர், பெரும்பாலும் தமிழாளுங்க. லயம்னு கேட்டாலே நம்ம பாட்டி தாத்தா காலம் ஞாபகம் வருது, அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. ஆனா இது அங்க மட்டும் நடக்குறதில்லக்கா, 2022 டிசம்பர்ல நம்ம பத்தாங்காலில கெந்திங் போற வழியில கூடாரம் போட்டுத் தூங்குனவங்க 31 பேரு போயிட்டாங்க.

மூணுலயும் ஒத்துமை என்னன்னு பாருங்க, எல்லாம் ஆளு தூங்குற நேரத்துல. மண்ணு நாள்கணக்கா தண்ணி குடிச்சி ஊறிக்கிட்டே இருக்கும், ஒண்ணும் தெரியாது, அதுக்கு மேல ஒரு பெரிய மழை அடிச்சதும் பாரம் தாங்காம சரியும், ஓடை எந்த வழியா எறங்குதோ அந்த வழியாவே சேறும் பாறையும் எறங்கும். அதனால பகல்ல சுத்துற எடத்தவிட ராத்திரி படுக்குற எடத்தப் பத்திதான் நான் அதிகம் கேப்பேன். மலைய நேரா செங்குத்தா வெட்டி, அந்தச் செவப்பு மண்ணு சுவத்துக்குக் கீழ கட்டுன ரிசார்ட் வேணாம். "ஓடைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்"னு விளம்பரம் பண்றான்ல, அது மார்ச் மாசத்துக்கு. மழையில டவுன்லயே, மேட்டுல, பழைய கட்டடமாப் பாத்துத் தங்குங்க. வியூ கெடைக்காது, பரவால்ல.

இந்திய வானிலைத் துறை தினமும் மாவட்ட வாரியா கலர் போடும். மஞ்சள்னா கவனம், ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா 20 சென்டிமீட்டருக்கு மேல வரலாம்னு அர்த்தம். ஆரஞ்சு வந்தா நான் ஊரு விட்டு ஊரு போறத நிறுத்திருவேன், சிவப்புன்னா ரூமுதான், கேரம்போர்டுதான். கேரளாவுல கலெக்டரே ராத்திரி மலை ரோட்டுல போகக்கூடாதுன்னு தடை போட்டுருவாங்க, அப்ப டிரைவருகிட்ட கூடுதலா ஐநூறு ரூபா நீட்டி "போலாம் வாங்கண்ணே"ன்னு கெஞ்சாதீங்க, நம்மாளுங்க பண்ணுவாங்க, நான் பாத்திருக்கேன். ஓடைத்தண்ணி திடீர்னு கலங்கலா வந்தாலும் சரி, மழை பேய்றப்பவே திடீர்னு கொறஞ்சாலும் சரி, மேல எங்கயோ அடச்சிருக்கு, உடனே அந்த எடத்த விட்டு ஓரமா மேல ஏறிருங்க.

பட்டர்வொர்த்லேருந்து: டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு ஊட்டி போறோம், பசங்களுக்கு பொம்ம ரயில் ஏறணும்.

பினாங்கு கொடிமலை ரயில் மாதிரி கேபிள்ல இழுக்குறதுன்னு பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, இது வேற. தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச கம்பி, அதுல எஞ்சின் சக்கரம் கடிச்சிக் கடிச்சி ஏறும். மேட்டுப்பாளையம்-ஊட்டி 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 1908ல ஊட்டி வரைக்கும் வந்துச்சு, 2005லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

பிரச்னை என்னன்னா கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல இருக்குற அந்தப் பல்லு ரோடுதான் வடகிழக்கு மழை நேரா அடிக்குற பக்கம். நவம்பர், டிசம்பர்ல பாறை உருண்டு வந்து தண்டவாளத்துல உக்காந்துரும், ரயில ரத்து பண்ணிருவாங்க, பல நாளு ஆகும். ஆனா குன்னூர்-ஊட்டி துண்டு பெரும்பாலும் ஓடிக்கிட்டிருக்கும், அதுக்கு டிக்கெட் எடுத்துட்டா பசங்க ஏமாற மாட்டாங்க. போறதையும் டிசம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளுனா நல்லது. சென்னை வழியா போறதா இருந்தா ஒரு நாள் சும்மா கையில வெச்சிக்குங்க, 2023 டிசம்பர் புயல்ல சென்னை ஏர்போர்ட்டு ஓடுதளமே தண்ணிக்குள்ள போயி மூடிட்டாங்க.

அம்பாங்லேருந்து: போன வருஷம் ஒரு ஹோம்ஸ்டேல காசு கட்டியும் பாஸ்போர்ட்டப் பாத்துட்டு ரூம் இல்லன்னுட்டான். தமிழ்ல பேசுறோம், மூஞ்சியும் அப்படியே இருக்கு, ஏன்?

மூஞ்சி பிரச்னை இல்லைங்க, ஃபார்ம் சி. வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணும், சின்ன சின்ன எடத்துல அந்தப் பதிவே வெச்சிருக்க மாட்டாங்க, அதான் வேணாங்கிறது. காசு கட்டுறதுக்கு முந்தி "நாங்க மலேசியா பாஸ்போர்ட், ஃபார்ம் சி போடுவீங்களா"ன்னு ஒரு வரி கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்குங்க. மழையில ராத்திரி எட்டு மணிக்கு பெட்டியோட ரோட்டுல நிக்கிறது எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

கெப்போங்லேருந்து: அட்டை கடிக்குமா? பொண்ணு ரொம்பப் பயப்படுது.

கடிக்கும். வலிக்காது, ரத்தம்தான் நிக்காம வரும். முழங்கால் வரைக்கும் இறுக்கமா சாக்ஸ், உப்பு ஒரு பொட்டலம். பிச்சி இழுக்காதீங்க, உப்பு வெச்சா தானா விழுந்துரும். ரப்பர் தோட்டத்துல வளந்த பாட்டி யாராச்சும் வீட்டுல இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, என்னவிட நல்லா சொல்லுவாங்க. அட்டையவிட எலிக்காய்ச்சலுக்குப் பயப்படுங்க, நம்ம ஊர்ல கென்சிங் திக்குஸ்னு சொல்றது அதான், கால்ல புண்ணு இருந்தா தேங்குன தண்ணியில எறங்காதீங்க, திரும்பி வந்து காய்ச்சல் அடிச்சா டாக்டருகிட்ட இந்தியா போயிட்டு வந்தேன்னு மறக்காம சொல்லுங்க.

செராஸ்லேருந்து: விசா, அரைவல் கார்டு, இ-பாஸ்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எது எதுக்கு?

மூணும் வேற வேற. இ-விசா நாட்டுக்குள்ள போக, இந்திய அரசாங்க வெப்சைட்லயே போடுங்க, கூகுள்ல முதல்ல வர்றதெல்லாம் அரசாங்கம் இல்ல, அதே மாதிரி டிசைன் பண்ணி வெச்சிருக்கானுங்க. 2025 அக்டோபர்லேருந்து இ-அரைவல் கார்டு வேற வந்திருக்கு, எறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள நெரப்பணும், காசு கெடையாது. இ-பாஸ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசம் ஹைகோர்ட் உத்தரவுல வந்தது, 2025 நவம்பர்லேருந்து வால்பாறைக்கும் உண்டு, காடிக்குத்தான், இந்திய நம்பர் இல்லன்னாலும் ஈமெயில் வெச்சிப் பதியலாம். அப்புறம் நீலகிரிக்குள்ள சின்ன பிளாஸ்டிக் தண்ணி போத்தல் கொண்டு போகக்கூடாது, செக்போஸ்ட்டுல பிடுங்கிருவாங்க, வீட்டுலேருந்தே ஸ்டீல் போத்தல் எடுத்துட்டுப் போங்க.

பத்துமலைலேருந்து ஒரு பாட்டி, பேத்தி டைப் பண்ணி அனுப்பிருக்கு: சாவுறதுக்குள்ள குறிஞ்சிப்பூ பாக்கணும்யா, எனக்கு 71.

பாட்டி, நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவதான். மூணாறுல கடைசியா 2018ல பூத்துச்சு, அந்த ஆகஸ்ட்ல கேரளா முழுக்க வெள்ளம், பாதி பேருக்குப் போகவே முடியல, எங்க குரூப்பும்தான். அடுத்தது 2030, ஆகஸ்ட்லேருந்து அக்டோபர் வரைக்கும். இரவிகுளம் பார்க்குல பஸ்ஸு மேல கொண்டு போயி விடும், அதுக்கப்புறம் கொஞ்ச தூரம் ஏத்தமா நடக்கணும், முட்டிக்கு இப்பவே கோடாலி தைலம் போட்டுத் தேச்சி வைங்க. நான் செப்டம்பர்லதான் குரூப் போடுவேன், மழை கொஞ்சம் அடங்கிரும். ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான், பேத்திகிட்ட பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க.