பரம்பரை நரம்பு நோய்களில் தசை ஏன் சூம்பிப்போகிறது? கெடுவது நரம்பு மட்டும்தானா?

பாடப் புத்தகப் பதில் ஒரு வரிதான்: நரம்பு செத்தால் தசைக்கு உத்தரவு வராது, உத்தரவு வராத தசை சூம்பிப்போகும். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன், என் தாய்மாமாவுக்குக் கென்னடி நோய் என்ற பரம்பரை நரம்பு நோய் இருப்பது தெரியவரும்வரை.

மாமாவுக்கு 42 வயதில் மாடிப்படி ஏறுவது சிரமமானது. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே கை நடுங்கும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் சி.கே. என்ற நொதி இருக்கவேண்டியதைப் போல ஏழு மடங்கு இருந்தது. சி.கே. தசைக்குள் இருக்கவேண்டிய சரக்கு. அது ரத்தத்தில் இவ்வளவு ஏறினால் தசை எங்கோ உடைந்து கசிகிறது என்று அர்த்தம். கொலஸ்ட்ரால் மாத்திரைதான் காரணம் என்று அதை நிறுத்தினார்கள். சி.கே. இறங்கவில்லை. இன்னொரு மருத்துவமனையில் தசைக்குள் ஊசி செருகிப் பார்க்கும் ஈ.எம்.ஜி. எடுத்துவிட்டு, இது தசைக் கோளாறே இல்லை, நரம்பு நோய், தசையை இயக்கும் நரம்புகள் வேகமாகச் செத்துப்போகும் ஏ.எல்.எஸ்., இன்னும் மூன்று நான்கு வருடம்தான் உயிரோடு இருப்பார் என்றார்கள். அத்தை அன்றைக்கே பாதி ஆளாகிவிட்டார்.

ஆறு வருடம் ஆகியும் மாமா நடந்துகொண்டுதான் இருந்தார். அப்புறம் பார்த்த நரம்பியல் மருத்துவர் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் புரட்டிவிட்டு, "ஐயா, கொஞ்சம் விசில் அடிங்க" என்றார். உதட்டைக் குவித்ததும் மோவாய் முழுக்கப் புழு நெளிவதுபோலத் துடித்தது. சட்டையைக் கழற்றச் சொன்னார். மார்பு லேசாகப் பெருத்திருந்தது. வெட்கப்பட்டு மாமா அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "தசையும் கெட்டிருக்கு, நரம்பும் கெட்டிருக்கு. ரெண்டு ரிப்போர்ட்டும் சரிதான்" என்று சொல்லி மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

வந்த முடிவு கென்னடி நோய். அமெரிக்காவில் வில்லியம் கென்னடி என்ற மருத்துவர் 1968-இல் விவரித்ததால் இந்த நோய்க்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1897-லேயே ஜப்பானில் ஹிரோஷி கவஹாரா இதைப் பதிவு செய்துவிட்டார். அவர் பார்த்தது ஒரு அண்ணன் தம்பியையும் அவர்களுடைய தாய்மாமாவையும்! கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் இப்படித்தான் வரும்: பாட்டி வழியாக மாமாவுக்கு, அம்மா வழியாக நமக்கு. மாமாவின் மகன்களுக்கு வராது. மகள்கள் எல்லோருமே அந்த மரபணுவைச் சுமப்பார்கள். மாமன் மகளைக் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதை யோசித்துப் பார்ப்பது நல்லது.

1991-இல் காரணம் பிடிபட்டது. ஆண்ட்ரோஜன் ரிசப்டர், அதாவது ஆண் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம். அதை உருவாக்கும் மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் இடம் ஒன்று உண்டு. 38 தடவையோ அதற்கு மேலோ வந்தால் நோய். மாமாவுக்கு 46. நீண்டுபோன அந்தப் புரதம், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஒட்டிய பிறகுதான் செல்லின் உட்கருவுக்குள் போய் ஒழுங்காக மடங்காமல் கட்டிதட்டுகிறது. பெண்களுக்கு அந்த ஹார்மோன் குறைவு என்பதால் பெரும்பாலும் கால் பிடிப்போடு தப்பித்துவிடுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் மாமாவுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பரிந்துரைத்தார். தசை வளரும், ஆறே மாதம் என்றார். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றச் சொன்ன கதைதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ரிசப்டர் தண்டுவடத்து நரம்புகளில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது. ஆண் ஹார்மோன் தசையை வளர்ப்பதே அதன் வழியாகத்தான். அப்படியானால் நோய் எங்கே தொடங்குகிறது? 2014-இல் வெளிவந்த இரண்டு சுண்டெலி ஆய்வுகள் என்னை ஆச்சரியப்படுத்தின. ஒன்றில் கெட்ட மரபணுவைத் தசையிலிருந்து மட்டும் நீக்கினார்கள், நரம்பில் அப்படியே விட்டார்கள். நரம்பு கெட்டுக்கொண்டே போயிருக்க வேண்டும் இல்லையா? எலிகள் தேறின, கூடுதல் நாள் வாழ்ந்தன. இன்னொன்றில், தண்டுவடத்தை எட்டாத ஒரு மருந்தைத் தோலுக்கடியில் போட்டு, கெட்ட புரதத்தை உடம்பின் மற்ற பகுதிகளில் மட்டும் குறைத்தார்கள். அதிலும் பலன் கிடைத்தது. உத்தரவு வராமல் வாடுகிற அப்பாவி என்று நினைத்த தசை, இங்கே தானே நோயாளி. நரம்பு வாழத் தேவையான சில புரதங்களைத் தசைதான் அனுப்புகிறது என்பதால், தசை கெட்டால் அதன் பாதிப்பு நரம்புக்கும் போகலாம்.

எல்லாப் பரம்பரை நரம்பு நோயும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு வரும் எஸ்.எம்.ஏ. என்ற பரம்பரைத் தசைச் சூம்பல் நோயில் முதல் அடி பெரும்பாலும் நரம்புக்குத்தான். அதனால்தான் நுசினெர்சென் மருந்தை முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுகிறார்கள். ஹன்டிங்டன் மூளை நோய் என்றாலும், அந்தக் கெட்ட புரதம் தசையிலும் உண்டாகிறது.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் லியூப்ரோரெலினுக்கு ஜப்பானில் 2017-இல் அனுமதி கிடைத்தது. குணமாக்காது, மெதுவாக்கலாம், அவ்வளவுதான். மாமாவுக்கு இப்போது 57, கைத்தடியோடு நடக்கிறார். சாப்பாடு புரையேறுவதுதான் பெரிய தொல்லை. தண்ணீரைவிடக் கூழ் சுலபமாக இறங்குகிறது.

அம்மாவுக்குப் பரிசோதித்தோம், அவர் அந்த மரபணுவைச் சுமக்கிறார். ராத்திரிக் கால் பிடிப்பை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். எனக்கு அந்த சி-ஏ-ஜி 22 தடவைதான், தப்பித்தேன். தம்பி பரிசோதனைக்கு வர மறுக்கிறான். போன தீபாவளிக்கு அவன் விசிலில் ஒரு பாட்டு வாசித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். எந்தப் பாட்டு என்று எனக்கு நினைவில்லை, நான் அவன் மோவாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.