1,40,000 கி.மீ. ஓடிய பிஎம்டபிள்யூ: வாங்கலாமா?

கேள்வி: 2013 மாடல் பிஎம்டபிள்யூ 520டி டீசல் கார், ஒன்பது லட்சத்துக்கு வருகிறது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பயமாக இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நெடுஞ்சாலையில் ஓடிய 1,40,000, நகர நெரிசலில் ஊர்ந்த 60,000-ஐ விட எவ்வளவோ மேல். எனக்கு உறுத்துவது வேறு. இந்த மாடலில் இருப்பது என்47 என்ஜின். அதன் டைமிங் செயின் (என்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயங்க வைக்கும் சங்கிலி) கியர்பாக்ஸ் பக்கம், என்ஜினின் பின்புறம் இருக்கிறது. தேய்வதற்குப் பேர்போன செயின் அது. மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்கியாக வேண்டும். அறுந்தால் என்ஜினே போச்சு.

அதனால் காலையில், வண்டி சூடாவதற்கு முன் போங்கள். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடான என்ஜினில் செயின் சத்தம் சரியாகத் தெரியாமல் போகலாம்; அதனால் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் என்ஜினின் பின்பக்கம் கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் அந்த வண்டியே வேண்டாம். செயின் மாற்றிய பில் இருந்தால் அந்த வண்டிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்புறம், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் மாற்றவே தேவையில்லை என்பார்கள். நம்பாதீர்கள். கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது.

பிஎம்டபிள்யூ சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். விலைக்கு மேல் இரண்டு லட்சமாவது ரிப்பேருக்குத் தனியாக வைக்க முடியாதென்றால், இதே பணத்தில் புதிதாக ஒரு சின்ன கார் வாங்குங்கள்.