கேட்டது நீங்கள்: எட்டுத் தொலைநோக்கி, ஒரே படம்

கேள்வி: கருந்துளையை எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் சேர்ந்து படம் எடுத்தன என்கிறார்கள். எட்டுப் படங்களை ஒட்டிச் செய்ததா அது? பெரிதாக ஒன்றே ஒன்று வைத்தால் போதாதா ஐயா?
– கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: ஒட்டவில்லை அம்மா. எட்டில் எதுவுமே தனியாகப் படம் எடுக்கவில்லை. வந்த அலையையும் அது வந்த நேரத்தையும் பதிந்தன, அவ்வளவுதான்.

வாடைக்காலத்தில் உங்கள் வடகடலைப் பாருங்கள். நங்கூரமிட்ட இரண்டு வள்ளங்களில், சாய்ந்து வரும் அலை ஒன்றை முதலில் தூக்கும், மற்றதைச் சற்றுப் பொறுத்துத் தூக்கும். அந்த நேர இடைவெளியே அலை வரும் திக்கைச் சொல்லிவிடும். வள்ளங்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, திக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியும். தொலைநோக்கிகளும் அப்படித்தான்.

அலையை வாங்கும் ஒற்றைத் தட்டு (டிஷ்) ஏன் போதாது? ரேடியோ அலை ஒளியைவிட மிக நீளம். 21 செ.மீ. அலையில் நம் கண்ணளவு கூர்மை வேண்டுமானாலே முக்கால் கிலோமீட்டர் அகலத் தட்டு தேவை. அதை யார் தூக்கித் திருப்புவது? அதனால்தான் புனே அருகே கோடாட்டில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 45 மீட்டர் தட்டுகள் 30-ஐ 25 கி.மீ. வரை பரப்பி வைத்தார்கள். மண்டபத்தில் தொடங்கினால் இராமேசுவரத்தையும் தாண்டும் தூரம் அது. கூர்மைதான் 25 கி.மீ. தட்டுக்கு உரியது, அலையை வாங்கும் பரப்பு 30 தட்டுகளுடையது மட்டுமே.

கருந்துளைக்கு அதுவும் பற்றாது. அது இருக்கும் எம்87 விண்மீன் மண்டலம் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவு. ஹவாய், சிலி, ஸ்பெயின், தென் துருவம் என்று பூமி அகலத்துக்கு விரிந்தார்கள். இவ்வளவு தூரத்தில் இருப்பவற்றை இணைக்கக் கேபிள் இழுக்க முடியாது. ஒவ்வோர் இடத்திலும் மிகத் துல்லியமாக நேரம் காட்டும் ஓர் அணுக் கடிகாரம். பதிவெல்லாம் ஹார்டு டிஸ்கில். 2017 ஏப்ரலில் பதிந்த டிஸ்குகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உள்ள இரண்டு கணினி மையங்களில் சேர்த்தார்கள். தென் துருவத்தில் குளிர்காலம் முழுக்க விமானம் இறங்காது. அங்கிருந்தவை வந்து சேர அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. எனக்கு இந்தக் காத்திருப்பின்மேல் பெரிய மரியாதை.

உங்கள் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. எட்டுத் தொலைநோக்கிகள் பூமியை நிரப்பிவிடாது. பூமி சுழல்வதால் சில இடைவெளிகள் நிரம்பும், மீதியைக் கணக்குதான் நிரப்ப வேண்டும். அந்தக் கணக்கு ஏமாற்றிவிடக் கூடாதென்று நான்கு குழுக்கள், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாமல், தனித்தனியே படம் வரைந்தன. நான்கிலும் கருந்துளையைச் சுற்றிய ஒளி வளையம் வந்தது. அதன் பிறகே 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிட்டார்கள்.

கேள்வி: நம் கரையில் ரேடியோ தொலைநோக்கி வைக்கலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: செல்போன் கோபுரங்களும் படகு வயர்லெஸ்ஸும் இருக்கும் இடத்தில் விண்ணின் மெல்லிய அலையைக் கேட்பது கடினம். தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறது, ஊட்டி முத்தோரையில், 1970 முதல். 530 மீட்டர் நீளம். அவ்வூரின் அட்சரேகை 11 டிகிரி என்பதால் அதே அளவு சரிந்த மலையைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகி, ஒரே திருப்பலில் விண்மீனை மணிக்கணக்காகத் தொடரலாம். நமக்கு 9 டிகிரிச் சரிவு வேண்டும். இங்கே இருப்பது மணல்.