கபாலபாதிக்கு லீவு விடுங்க!

கர்ப்ப காலத்தில் யோகா பற்றிப் புதுச்சேரி, கடலூர் வாசகியரின் கேள்விகளும் பதில்களும்.

பல வருடங்களாகத் தினமும் 12 சுற்று சூரிய நமஸ்காரம், அப்புறம் கபாலபாதி செய்கிறேன். இப்போது 14 வாரம். அப்படியே தொடரலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

தொடரலாம், ஆனால் அப்படியே அல்ல. முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கர்ப்பப்பை வாயில் தையல், கட்டுப்படாத பிரஷர், கடும் ரத்தசோகை, ரத்தக்கசிவு என்று ஏதாவது இருந்தால், அவர் சரி என்று சொல்லும்வரை பாயை விரிக்கவே வேண்டாம்.

கபாலபாதி, பஸ்திரிகா, உட்டியாணா மூன்றையும் பிரசவம் முடியும்வரை மூட்டை கட்டி வையுங்கள். முதல் இரண்டும் வேகவேகமாக மூச்சு விடுவது, மூன்றாவது வயிற்றை ஒட்ட இழுத்துப் பிடிப்பது. எல்லாமே வயிற்றை உள்ளே இழுத்துச் செய்கிற பயிற்சிகள். மூச்சை அடக்கும் கும்பகமும் கூடாது. மூக்கின் ஒரு துவாரத்தில் இழுத்து மறு துவாரத்தில் விடும் நாடிசுத்தி செய்யுங்கள்: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது, நடுவில் நிறுத்தாமல். மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

சூரிய நமஸ்காரத்தை நாலு சுற்றோடு நிறுத்தி, நிதானமாகச் செய்யுங்கள். பாதங்களை இடுப்பளவு அகட்டி நின்றால் குனியும்போது வயிற்றுக்கு இடம் கிடைக்கும். கை தரையைத் தொட வேண்டாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் ஊன்றுங்கள். காலைப் பின்னால் குதித்து வைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். குப்புறக் கிடந்து செய்யும் அஷ்டாங்க நமஸ்காரம், புஜங்காசனம் வரும் இடத்தில், முட்டி போட்டுக் கை ஊன்றிப் பூனைபோல் நிற்கும் மார்ஜாரி ஆசனம். அதிலும் முதுகை மேலே வளைத்துவிட்டு, நேராகும்வரை மட்டும் இறக்குங்கள். கீழே தொய்ய விட்டால் வயிற்றின் பாரம் கீழ்முதுகை இழுக்கும். நிமிரும்போது தலையைக் கடைசியாகத் தூக்குங்கள். இந்த மாதங்களில் பிரஷர் குறைவாகவே இருக்கும், சட்டென்று நிமிர்ந்தால் கண்ணைக் கட்டும்.

நன்றாகப் பழகியவர்கள்தான் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். ரிலாக்ஸின் முதலான ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்திவிடும். ‘கால் முன்னைவிட நல்லா விரியுதே’ என்று தோன்றும். அது பயிற்சியின் பலன் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தால், முன்பக்க இடுப்பெலும்பு மூட்டில் வலி பிடித்துக்கொள்ளும். பிறகு படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடு. எப்போதும் போகிற அளவுக்குச் சற்று முன்பே நின்றுவிடுங்கள்.

24 வாரம். சவாசனத்தில் மல்லாக்கப் படுத்தால் தலை சுற்றி, குமட்டுகிறது. ஏன்?
– வாசகி, மஞ்சக்குப்பம்

கர்ப்பப்பையின் பாரம், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துகிறது. காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. குழந்தைக்குப் போவதும் குறையலாம். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து ஓய்வெடுப்பதே வேண்டாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலைக்கு ஒன்று, முழங்கால் முதல் கணுக்கால்வரை இரண்டு கால்களுக்கும் நடுவே ஒன்று என இரண்டு தலையணை போதும். வயிறு தொங்குவதுபோல் இருந்தால் பழைய புடவையை மடித்து அடியில் கொடுங்கள். எழும்போது கையை ஊன்றிப் பக்கவாட்டிலேயே எழுந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு நில்லுங்கள்.

தினமும் குந்தி உட்கார்ந்து எழுந்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்கிறார் என் மாமியார். நிஜமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பயிற்சி. அத்தை சொல்வதைத் தள்ளிவிடவும் வேண்டாம். முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகால் தூக்கிக்கொண்டால் அடியில் மடித்த போர்வை வைத்து, 5 மூச்சு நேரம். அதற்கு மேல் வேண்டாம். ஸ்கேனில் நஞ்சுக்கொடி (பிளசென்டா) கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தாலோ, முன்பக்க இடுப்பெலும்பு வலித்தாலோ இதை விட்டுவிடுங்கள். கடைசி மாதங்களில் குழந்தையின் தலை இன்னும் மேலே இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மே மாதம், 8 வாரம். மொட்டை மாடியிலோ சில்வர் பீச் மணலிலோ செய்யலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

மணல் வேண்டாம், நின்று செய்யும் ஆசனங்களில் கால் புதைந்து பிசகும். மாடி என்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். கடலோரப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. முதல் மூன்று மாதம் உடம்பு அதிகம் சூடாவது சிசுவுக்கு நல்லதல்ல. ஃபேனுக்குக் கீழே, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்வதே உத்தமம். செய்துகொண்டே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிந்தால் அளவு சரி.

நடுவில் எதற்கெல்லாம் நிறுத்த வேண்டும்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

ரத்தம், நீர்க்கசிவு, விட்டு விட்டு வரும் வயிற்று இறுக்கம், நெஞ்சு வலி, கடும் தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைதான். நீர் கசிந்தால் வெள்ளை நாப்கின் வைத்துக்கொண்டு போங்கள். என்ன நிறம் என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.