சுவத்துல மார்பிள் வரையலாமா? ஞாயித்துக்கிழமை கேள்வி பதில்

நான் மதுரையில 28 வருஷமா பெயிண்ட் வேலை பாக்குறேன். அதுல பாதி இந்த மாதிரி டிசைன் சுவர்தான். கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். ரேட்டு மட்டும் கேக்காதீங்க. சுவத்தைப் பாக்காம ரேட்டு சொல்றவன்கிட்ட வேலையைக் குடுக்காதீங்க.

திருநகர்: அண்ணே, டிவி பின்னாடி 10க்கு 10 சுவர். மார்பிள் மாதிரி நானே அடிக்க முடியுமா?

முடியும் தம்பி. பிரஷ்ஷைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு மார்பிள் கடைக்குப் போய் அரைமணி நேரம் சும்மா நில்லுங்க. போட்டோ பாத்து அடிக்கிறவங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க: சுவர் பூரா மின்னல் வெட்டின மாதிரி கருப்புக் கோடு. அசல் கல்லுல நரம்பு அப்படி ஓடாது. அநேகமா ஒரே சாய்வுல போகும். ஓரிடத்துல விரல் தடிமன், அரை அடி தள்ளி மயிர் இழை, அப்புறம் காணாமப் போய் வேற இடத்துல எந்திரிக்கும். ரெண்டு நரம்பு பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கிட்டா, பாக்குறவனுக்கு உடனே பெயிண்ட்டுன்னு தெரிஞ்சிடும்.

பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிச்சு, லேசான பளபளப்பு உள்ள வெள்ளை எமல்ஷன் ரெண்டு கோட். அது நல்லா காயணும். மேல போற கலவைக்கு எமல்ஷன் ஒரு பங்கு, கிளேஸ் (பெயிண்ட்டை அடிநிறம் தெரியிற மாதிரி மெல்லிசாக்குற நிறமில்லாத திரவம்) நாலு பங்கு. சாம்பல் நிறத்தை அங்கங்க தடவி, கசக்கின பிளாஸ்டிக் கவரை வெச்சு ஒத்தி எடுங்க. ஈரம் இருக்கும்போதே கோழி இறகை நனைச்சு நரம்பு இழுக்கணும். இறகைப் பேனா மாதிரி பிடிக்காதீங்க. வால் பக்கமா தளர்வாப் பிடிச்சு, இழுக்கும்போதே விரல்ல உருட்டினா கை லேசா நடுங்கும். அந்த நடுக்கம்தான் வேணும். உடனே காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால மேலாப்புல வருடி விட்டா நரம்பு கல்லுக்குள்ள இறங்கின மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு. 10 அடிக்கு ஒரே துண்டு மார்பிள் யாரு வீட்டுல இருக்கு? நாலடிக்கு ரெண்டடின்னு பென்சில்ல அளந்து, துண்டு துண்டா அடிங்க. ஒவ்வொரு துண்டுலயும் நரம்பு ஜாயிண்டோட நின்னுடணும். பாதி ஏமாத்து அந்த ஜாயிண்ட்டுலதான் இருக்கு.

இதுக்கெல்லாம் முன்னாடி, சுவத்துல ஓதம், அதாவது உள்ள ஊறின ஈரம், இருக்கான்னு பாருங்க.

வில்லாபுரம்: ஸ்பான்ஜ் டிசைன் அடிச்சு ஆறு மாசத்துல பொரிஞ்சு உதிருது. எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது?

கம்பெனியை விடுங்க. கீழ மூணடிக்குள்ளதான உதிருது? அது ஓதம். வெள்ளையா மாவு மாதிரி இருந்தா உப்பு பூத்திருக்கு. ஒண்ணரை அடி சதுரத்துல பாலித்தீன் கவரை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் பூரா விடுங்க. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா ஈரம் சுவத்துக்குள்ள இருந்து வருது. பைப்பா, வெளிப்பக்க வெடிப்பா, அஸ்திவாரத்துல இருந்து ஏறுதான்னு பாத்து அதைச் சரி பண்ணாம எதை அடிச்சாலும் காசு தண்டம்.

நானும் இதுல அடி வாங்கினவன்தான். தொழிலுக்கு வந்த புதுசுல பாத்ரூமை ஒட்டின சுவத்துல கலர் வாஷ் அடிச்சேன், சித்திரையில. வீட்டுக்காரம்மா தெருவையே கூப்பிட்டுக் காமிச்சாங்க. ஐப்பசி மழைக்கு அப்பளம் மாதிரி உரிஞ்சு தொங்குச்சு. வாங்கின காசைத் திருப்பிக் குடுத்தேன்.

மேலூர்: கிரானைட் எஃபெக்ட் வருமா?

மேலூர்ல உக்காந்துக்கிட்டு கிரானைட்டைப் பெயிண்ட்ல கேக்குறீங்களே! வரும். ஸ்பான்ஜ்ல மூணு நிறம் ஒத்தி, பழைய டூத் பிரஷ்ஷால கருப்பும் வெள்ளையும் தெறிக்க விடுங்க. நரம்பு போடாதீங்க, அது மார்பிளுக்கு.

ஆனையூர்: சதுர அடி என்ன ரேட்?

முதல் பத்தியைப் படிங்க.

செல்லூர்: கோவிச்சுக்காதீங்க, இதெல்லாம் டூப்பு வேலை. நம்ம நாயக்கர் மகால் தூணைப் பாருங்க. அசல் கல்லு, அப்படியே நிக்குது.

இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பெரிய வெள்ளைத் தூண்ல நீங்க பாக்குற வெள்ளை மேனி கல்லுன்னு யாரு சொன்னது? அது சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகு ஏத்தினது. மகால் கட்டினது 1636ல. கல்லு மாதிரி தெரியிற பூச்சு வேலை இந்த ஊருக்குப் புதுசு இல்ல சார். நீங்க அசல்னு சொல்ற தூணே நான் பாக்குற வேலைக்குப் பெரியப்பன்.

காரைக்குடி: அண்ணன் சொல்றது சரி. எங்க செட்டிநாட்டு வீட்டுச் சுவரும் முட்டைப் பூச்சுதான். இன்னிக்கும் முகம் தெரியுது.

செல்லூர்: அப்ப அதை டூப்புன்னு சொல்ல முடியாதே. அதுவும் சுண்ணாம்புக் கல்லுதான, மார்பிளும் அதான?

நல்லா மடக்குறீங்க. பாதி ஒத்துக்கிறேன். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துத் திரும்பக் கல்லாவே இறுகும். மார்பிளும் அதே சரக்குதான். ஆனா அதைச் செஞ்சவங்க நாள்கணக்கா தண்ணியில போட்டு நீத்த சுண்ணாம்பை அரைச்சு, கோட்டு மேல கோட்டா ஏத்தி, கடைசிக் கோட்டை ஈரம் காயிறதுக்குள்ள வழவழப்பான கல்லால தேச்சாங்க. அந்தத் தேய்ப்புலதான் பளபளப்பு. முட்டையை மட்டும் கலக்கிட்டா வந்துடாது.

உசிலம்பட்டி: 'செட்டிநாடு பூச்சு'ன்னு சொல்லி ஒருத்தர் ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்தாரு. அது அசலா?

ரெண்டு நாளா? ஒயிட் சிமென்ட்டா இருக்கும். அசிங்கம்னு சொல்லல, பேரை மாத்திச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன். பெயிண்ட் மார்பிள் அடிக்கிற நான் வாடிக்கையாளர்கிட்ட பெயிண்ட்டுன்னு சொல்லித்தான் அடிக்கிறேன். செல்லூர்க்காரரே, டூப்புன்னா அதுதான் டூப்பு.

செல்லூர்: இது நியாயம்.

பழங்காநத்தம்: முட்டை வாடை வருமா?

காஞ்சா வராது. அடுத்து.

கே.கே. நகர்: புதுசாப் பூசின சுவர், பத்து நாளாச்சு. டிசைன் அடிக்கலாமா சார்?

வேண்டாம்மா. குறைஞ்சது 28 நாள் விடுங்க. பச்சைச் சுவத்துல இருக்கிற காரம் நிறத்தைத் தின்னுடும், திட்டுத் திட்டா வெளுக்கும். அப்புறம் அந்த ஓதம்…

ஒத்தக்கடை: சுவர் நடுவுல திட்டுத் திட்டா ஜாயிண்ட் தெரியுது. ஓதம் இல்லண்ணே, கவர் ஒட்டிப் பாத்துட்டேன்.

கவர் ஒட்டினதுக்கு ஒரு கும்பிடு. எந்த நேரம் அடிச்சீங்க? மத்தியானம், ஃபேன் ஓட விட்டுன்னு நினைக்கிறேன். நம்மூர் வெயில்ல கிளேஸ் சீக்கிரம் இழுத்துக்கும். காஞ்ச ஓரத்து மேல அடுத்த பட்டை ஏறுனா கோடு விழும். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிங்க, ஃபேனை நிறுத்துங்க. ஒருத்தர் ரோலர்ல ஓட்ட, இன்னொருத்தர் பின்னாடியே ஒத்திக்கிட்டுப் போகணும். டீ குடிக்கணும்னா சுவர் மூலைக்கு வந்துட்டுக் குடிங்க, நடுவுல நிறுத்தாதீங்க.

விளாங்குடி: சதுர அடிக்கு தோராயமாவாவது ரேட் சொல்லுங்களேன்.

ஆனையூர்க்காரரைக் கேளுங்க.

திருமங்கலம்: இரும்புக் கதவைத் தேக்கு மாதிரி மாத்த முடியுமா?

முடியும். ரெட் ஆக்சைடு அடிச்சு, மஞ்சள் கலந்த பழுப்புல எனாமல் அடிப்பாகம். காஞ்சதும் மேல இருண்ட நிறத்தை மெல்லிசா ஓட்டி, ரப்பர் சீப்பை மேலருந்து கீழ ஒரே இழுப்பா இழுங்க. குறுக்குச் சட்டத்துல ரேகை குறுக்கதான் ஓடணும். தச்சன் மரத்தை எப்படி வெப்பானோ அப்படி. கண்ணு மாதிரி சுழி ஒரு கதவுக்கு ஒண்ணு போதும். ஆசைப்பட்டு எட்டு சுழி போட்ட கதவு ஒண்ணு என் தெருவிலேயே இருக்கு.

அனுப்பானடி: வாடகை வீடு. பெட்ரூம்ல ஒரு சுவர் மட்டும் அடிக்கலாமா?

ஹவுஸ் ஓனரைக் கேட்டுட்டு வாங்க. சரின்னு சொன்னா, கவர் ஒட்டிப் பாருங்க.