கைலியும் விசிட்டிங் கார்டும்

அன்புள்ள ஐயா,

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், சுவரின் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுகிறது. வேலை பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இஸ்திரி போட்ட சட்டை. ‘பாரம்பரியக் கட்டட நிபுணர்’ என்று கார்டு கொடுத்தார். மற்றவர் கைலி, வெற்றிலை வாய். கூட மனைவியும் வந்திருந்தார். கைலிக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார், அதிகம் பேசவில்லை. முதல் ஆளிடம் கொடுக்கலாம் என்றேன். “ஆளைப் பார்த்து எடை போடுறீங்கம்மா” என்று மகள் சண்டைக்கு வருகிறாள். வேறு எதைப் பார்த்துத்தான் முடிவு செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

மகள் சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்பதுதான் முக்கியமான கேள்வி. தோற்றத்தைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு, வேறு எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டால் கண் மறுபடியும் சட்டைக்குத்தான் போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைலி கட்டியிருக்கிறார் என்பதாலேயே அவரைப் பரம்பரைக் கைவேலைக்காரர் என்று நம்பிவிடுவதும் அதே தப்புதான். அவர் வாழ்நாள் முழுக்க சிமெண்ட் மட்டுமே பூசியவராக இருக்கலாம்.

கார்டை எடுத்து வையுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ‘பாரம்பரியம்’ என்று அச்சடிக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆத்தங்குடி என்று சொல்லி விற்கிற தரைக்கல்லையும் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்த கல் அது, சூளைக்கே போகாது. மெஷினில் பூ அச்சடித்துச் சுட்ட டைல்ஸை அதன் முதுகே காட்டிக்கொடுத்துவிடும்.

இருவரிடமும் முதலில் கேளுங்கள்: காரை ஏன் விழுந்தது? ‘பழசாயிடுச்சு, அதான்’ என்பது பதிலே இல்லை. சுவரடியில் ஓதம் (தரை ஈரம்) ஏறுகிறதா, ஓட்டில் ஒழுக்கா, முன்பு யாராவது சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டார்களா என்று தேட வேண்டும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு பக்கத்துச் சுண்ணாம்புக்குள் போகும். அந்த உப்பு காய்ந்து படிகமாகும்போது காரையைப் பொரித்துத் தள்ளும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். ‘சீக்கிரம் இறுக கொஞ்சம் சிமெண்ட் சேர்க்கலாம்’ என்று இருவரில் எவர் சொன்னாலும் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுண்ணாம்பை எத்தனை நாள் நீற்றுவீர்கள், அதாவது தண்ணீரில் ஊறப்போடுவீர்கள் என்று கேளுங்கள். மேல்பூச்சுக்கு இரண்டு மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் கிடக்க வேண்டும். நீறாத பொடிக்கல் ஒன்று உள்ளே தங்கினாலும், பூசி மாதக்கணக்கில் ஆன பிறகு ஈரம் குடித்து உப்பி, சுவரில் அம்மைத்தழும்பு மாதிரி குழி பறிக்கும். கலவையில் சேர்க்கிற, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைப் பற்றி இருவரும் பேசுவார்கள். அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கடைசி மெருகுக்கானது. அடிப்பூச்சிலேயே முட்டை உடைக்கிறவருக்குக் கேள்விஞானம்தான்.

பேச்சு இவ்வளவு போதும். பின்கட்டில் ஈரமில்லாத சுவராகப் பார்த்து, ஆளுக்கு இரண்டடிக்கு இரண்டடி மாதிரி பூசச் சொல்லுங்கள். சாமானுக்கும் கூலிக்கும் இருவருக்கும் காசு கொடுத்துவிடுங்கள். ஓசியில் கேட்டால் அக்கறையும் ஓசியாகத்தான் வரும். அடிப்பூச்சில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். சுண்ணாம்பு கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணலை மூடியுள்ள பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மேலே வண்டல் தடியாகப் படிந்தால் கழுவாமல் உதவாது. பூசுமுன் சுவரை நனைக்கிறாரா, ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டாமல் போடுகிறாரா, முடித்ததும் ஒரு வாரம் ஈரச்சாக்குப் போர்த்துகிறாரா என்று கூடவே நின்று பாருங்கள்.

நாலு வாரம் கழித்து விரல்முட்டியால் தட்டுங்கள். பொக்கென்று கேட்டால் அடியில் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் தேய்த்தால் மாவாக ஒட்டக் கூடாது. மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அவசரமாகக் காய்ந்திருக்கிறது, அல்லது சுண்ணாம்பு கூடிவிட்டது. யாருடையது நிற்கிறதோ அவரிடம் வேலையைக் கொடுங்கள். அது கார்டு கொடுத்தவராகவும் இருக்கலாம்.

‘கூட மனைவியும்’ என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள். கட்டட வேலையில் அவருக்குப் பெயர் சித்தாள். மணல் சலிப்பதும் கலவை குழைப்பதும் பெரும்பாலும் அந்தக் கைதான். தண்ணீர் ஒரு குவளை கூடினால் எந்தக் கொத்தனாரும் அந்தப் பூச்சைக் காப்பாற்ற முடியாது. கலவையைப் பற்றிய கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. சித்தாள் என்ற பெயர் அதைத் தந்திரமாகத் தாண்டிவிடுகிறது, வேலையே வேறு என்று சொல்லி. வேலை அவர்களுக்கே போனால் அவர் கூலியைத் தனியாகப் பேசி, அவர் கையிலேயே கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்க வேண்டாம். மார்கழிக் கடைசியில் மாதிரி போட்டால் தை முடிவதற்குள் தெரிந்துவிடும். பங்குனி வெயில் ஏறுமுன் வளவுச் சுவரை முடித்துவிடலாம்.