வளைந்த பலகை: கேட்டவர்களுக்குப் பதில்

கொட்டகையில் என் கட்டமரானுக்கு ஒரு சோடி வளைந்த டாகர்போட் செய்துகொண்டிருக்கிறேன் என்று போன கிழமை எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன். டாகர்போட் என்றால் படகின் உடலுக்குள் மேலிருந்து கீழே செருகும் பலகை, இனி பலகை என்றே எழுதுவேன். கட்டமரான் என்ற பெயர் எங்கள் கட்டுமரத்திலிருந்து போனதுதான், ஆனால் நான் சொல்வது இரட்டை உடல் கொண்ட பாய்ப் படகை, மரங்களைப் பிணைத்த தெப்பத்தை அல்ல.

குருநகரிலிருந்து ஒரு தம்பி: நேர்ப்பலகை போதாதா அண்ணை? வளைப்பது பார்வைக்கா?

பார்வைக்கு இல்லை தம்பி. பாயில் காற்றுப் பிடித்தால் படகு முன்னுக்கும் போகும், பக்கவாட்டிலும் வழுக்கும். வழுக்கலைத் தடுப்பது பலகை. நேர்ப்பலகை தடுப்பதோடு சரி. வளைந்ததின் நுனி படகின் நடுப்பக்கமாக உள்ளே திரும்பியிருக்கிறது, அதனால் காற்றுக்கு மறுபக்கத்து உடலில், அதாவது பாரம் அழுத்துகிற உடலில், அந்தத் தடுக்கும் விசையே கொஞ்சம் மேல்நோக்கியும் சாய்ந்து உடலைத் தூக்கிக் கொடுக்கிறது. பலகையின் ஒரு துண்டு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், அது தரும் ஒவ்வொரு 100 கிலோ பக்க விசைக்கும் கிட்டத்தட்ட 58 கிலோ மேலே கிடைக்கும். சோளகம் பலமாக அடிக்கிற நாளில் மூக்கு தண்ணீருக்குள் குத்தாமல் காப்பாற்றுவது இதுதான்.

அப்போ படகு பறக்குமா?

C வடிவப் பலகையில் முழுதாகப் பறக்காது, பாரம்தான் குறையும். பறக்க L, Z போன்ற வடிவங்களும் சுக்கானில் சிறகும் வேண்டும். 2013 இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் 72 அடிக் கட்டமரான்கள் L பலகையில் பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒலிம்பிக் படகான நாக்ரா 17 ரியோவில் 2016 இல் வளைந்த பலகையோடுதான் ஓடியது, அடுத்த டோக்கியோவுக்குள் பறக்கும் பலகைக்கு மாற்றிவிட்டார்கள். முதன்முதலாகச் செய்கிற ஆள் C ஐத் தாண்டிப் போகவேண்டாம் என்பது என் கருத்து.

டொரன்டோவிலிருந்து: காற்று வரும் பக்கத்துப் பலகையைத் தூக்கிவிடவா?

தூக்குங்கள். அந்தப் பக்கத்துப் பலகை மறுபக்கம் பார்த்து வளைந்திருக்கிறது, அதனால் அங்கே அதே விசை உடலைக் கீழே இழுக்கும். படகைக் கவிழாமல் பிடிக்க அது கொஞ்சம் உதவும் என்று விட்டுவைக்கிறவர்களும் உண்டு, ஆனால் தண்ணீரின் இழுவை கூடும்.

நவாலியிலிருந்து: வளைவின் ஆரை எவ்வளவு? செய்யும்போது எங்கே பிழை வரும்?

எவ்வளவு என்பதை விட, முழு நீளத்துக்கும் ஒரே ஆரையாக இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். உறை என்பது பலகை ஏறி இறங்க உடலுக்குள் வைக்கும் கூடு. வட்டத்தின் துண்டு வட்டமான உறைக்குள் வழுக்கும். வளைவு மாறி மாறிப் போனால் இறுகும். S வடிவம் செய்பவர்கள் உறையை அகலமாக வைத்து, பலகையைப் பிடித்துக்கொள்ளத் திரும்பக்கூடிய தாங்கி போடுவது அதனால்தான்.

என்னுடைய முதல் பலகை மண்டைதீவுப் பக்கம் பாதியில் இறுகி நின்றது, மேலேயும் வராது, கீழேயும் போகாது. அச்சில் 1 மீற்றர் ஆரைக்கு மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி வளைத்தேன், அச்சிலிருந்து கழற்றியதும் அது நிமிர்ந்து 1.1 மீற்றராகிவிட்டது. 40 சென்ரிமீற்றர் உறையில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர். நான் விட்டிருந்த இடைவெளி ஒன்றரை. பிறகுதான் புத்தி வந்தது: பட்டை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைவாக நிமிரும், உறையையும் முதலில் செய்யக்கூடாது. பலகையை முடித்து, அதன்மேல் மெழுகும் பொலித்தீனும் சுற்றி, இடைவெளிக்கு மெல்லிய கம்பளித்துணி வைத்து, அதன்மேலேயே உறையை வார்த்துவிட்டால் இரண்டும் ஒரே வளைவு.

உள்ளுக்குப் பனை போடலாமா?

எங்கள் ஊர்ப் பற்றுக்காகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் போடாதீர்கள். பனையின் வைரம் வெளிவட்டத்தில்தான், நடு சோத்தி, அதோடு பாரம். இலேசான சீடர் மரமோ அடர்த்தியான ஃபோமோ நல்லது. பாரத்தைச் சுமப்பது எப்படியும் மேலேயுள்ள காபன் நார்தான்: நீளவாக்கில் போடுவது வளையாமல் தாங்க, 45 பாகையில் குறுக்கும் மறுக்குமாகப் போடுவது முறுக்காமல் தாங்க.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கே உடையும்?

நல்ல கேள்வி. உடலின் அடியில், பலகை வெளியே வருகிற வாயில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலகையில் 100 கிலோ விசை, வாயிலிருந்து 45 சென்ரிமீற்றர் கீழே. மேல் தாங்கியும் கீழ்த் தாங்கியும் 45 இடைவெளியில் இருந்தால் மேலே 100 கிலோ, கீழே 200 கிலோ அழுத்தும். பலகைத் தடிப்பு 20 மில்லிமீற்றர் என்றால் இரு தோலுக்கும், அதாவது இரு பக்கத்துக் காபன் அடுக்குகளுக்கும், இடையே பயன்படும் தூரம் ஏறத்தாழ 16. அப்படியானால் ஒவ்வொரு தோலும் தாங்குவது ஏறத்தாழ 2.8 தொன்! அதோடு வளைவு காரணமாக இரு தோலும் ஒன்றையொன்று நோக்கி நெரிக்கும், மென்மையான ஃபோம் என்றால் அந்த இடத்தில் நசுங்கித் தோல் மடியும். ஆகவே தாங்கி படும் நீளம் முழுவதும், பலகையை ஏற்றி இறக்குகிற தூரத்தையும் சேர்த்து, உள்ளே கெட்டியான மரம் வையுங்கள், காபனையும் கூட்டுங்கள். நுனியில் மிச்சம் பிடிக்கலாம்.

வெயில் என்ன செய்யும்?

அறை வெப்பத்தில் இறுகிய எப்பொக்சிப் பிசின்கள் பல 60 பாகைக்குக் கிட்ட இளகத் தொடங்கும், கறுப்புக் காபன் நண்பகலில் அங்கே போய்ச் சேரும். பாரத்தை வைத்து வெயிலில் விட்டால் வளைவே மாறிவிடும். வெள்ளைப் பூச்சு அடியுங்கள், மேலே துணி போடுங்கள். மழைக்கால ஈரத்தில் எப்பொக்சியின் மேல் பிசுபிசுப்புப் படியும், அடுத்த அடுக்குக்கு முன் தண்ணீரால் கழுவித் தேயுங்கள்.

களப்பில் ஆழமில்லையே, தரை தட்டினால்?

உறையின் பின்பக்க அடியில்தான் இடி விழும். அங்கே நசுங்கக்கூடிய ஃபோம் துண்டு ஒன்றை வையுங்கள், உடல் பிளக்காமல் அது போகட்டும், பிறகு மாற்றிவிடலாம்.

A கிளாஸ் படகுக்குச் செய்கிறேன், எவ்வளவு உள்ளே வளைக்கலாம்?

A கிளாஸ் என்பது ஒருவர் ஓட்டும் போட்டிக் கட்டமரான் வகை. அதன் விதிப்படி படகின் அகலம் 2.30 மீற்றர், நடுக்கோட்டிலிருந்து 75 சென்ரிமீற்றருக்குள் எதுவும் நீருக்கடியில் வரக்கூடாது. வெளிவிளிம்பிலிருந்து அளந்தால் உங்களுக்கு 40 சென்ரிமீற்றர்தான் உண்டு.

என் பலகை ஓடும்போது பாடுகிறது, உடையப் போகிறதா?

இல்லை. பின்விளிம்பு தடித்துச் சதுரமாக இருக்கிறது. 120 இலக்கத் தேய்க்கும் தாளை ஒரு சிறு கட்டையில் சுற்றி, ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாகத் தேயுங்கள். கூர்மையாக்கி விரலை வெட்டிக்கொள்ள வேண்டாம், ஒரு மில்லிமீற்றர் விட்டால் போதும்.